பாவிச்சது நீங்கதான்

மின்சாரக் கந்தோரின் பில் கருமபீடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் கிழமையிலேயே ஒரு வசனம் பழகியிருக்கும். ஒருவர் கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்த மாதம் இப்பிடி வந்திரிக்கு, ஏன்?" என்று கேட்பார். நீங்கள் கணக்கு இலக்கத்தைத் தட்டுவீர்கள். போன வாசிப்பு, இந்த வாசிப்பு, கழித்துப் பார்த்தால் சரி. தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவீர்கள்: "பாவிச்சது நீங்கதான்." அவர் நகர்வார், அடுத்தவர் வருவார்.

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரியும். இதே கருமபீடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் உங்கள் வரிசையில்தான் நின்று பில் கட்டுகிறேன், நிற்கும்போது இது காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "அனுபவத்தில் நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். இதமாக ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். என்னிடம் இருப்பது கோபம்தான், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

விலை ஏறிய காலத்தில் எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். தேவையில்லாத விளக்கை அணையுங்கள், உடுப்புகளை மொத்தமாகச் சேர்த்து அயன் பண்ணுங்கள், பிறிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். புத்திமதியில் பிழை இல்லை. ஆனால் அதன் கீழே வரிசையில் நின்றவர்கள் யார்? இரண்டு மூன்று விளக்கும் ஒரு மின்விசிறியும் வைத்திருந்த சனம். அயன்பெட்டியே இல்லாதவர்களுக்கு அயன் பண்ணப் பாடம் எடுத்தோம். சுவரொட்டியை அனுப்பிய அறையிலோ கதவைத் திறந்து போட்டபடி காலை முதல் மாலை வரை குளிரூட்டி ஓடியது. இதைச் சொன்னதற்கு எனக்கு வாய்க்காரி என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

பில்லை விளங்கப்படுத்துவது உங்கள் வேலை. முதலில் அதை நீங்கள் விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பாவனைக்கு விலை படிப்படியாக ஏறும். கொஞ்சம் பாவித்தால் கீழ்ப்படியில் நிற்கலாம். பாவனை கூடி மேற்படிக்குப் போனால் யூனிற்றின் விலையும் ஏறும், மாதாந்த நிலைக்கட்டணமும் கூடவே ஏறும். ஏழைக்கு உதவத்தான் இந்த முறை என்பார்கள். நல்லது. ஆனால் மீற்றருக்கு ஏழையும் தெரியாது, பணக்காரரும் தெரியாது, யூனிற் மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் நடப்பது என்ன? இங்கே வீடு பெண்ணுக்கு. மூத்தவள் கல்யாணம் கட்டினால் தாய் இருந்த வீடு அவளுக்குப் போகும். இளையவளுக்கு அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை எழுப்பிக் கொடுப்பார்கள். பின்வீட்டுக்குத் தனி மீற்றர் எடுக்கப் போனால் காணி உறுதிப் பத்திரம் கேட்போம், கிராம சேவகரின் கடிதம் கேட்போம், வயரிங் சான்று கேட்போம். உறுதியோ மூத்தவளின் பேரில் இருக்கும். "ஒரு வயித்துப் பிள்ளையள்தானே, முன்வீட்டில இரிந்து ஒரு வயர இழுங்க" என்று தகப்பன் சொல்லுவார், இழுப்பார்கள். இரண்டு சின்ன வீடுகள் ஒரே மீற்றரில் ஏறி ஒரு பெரிய வீடாகிவிடும். தனித்தனியாக இருந்தால் கீழ்ப்படியில் நிற்க வேண்டிய இரண்டு குடும்பமும் சேர்ந்து மேற்படி விலை கட்டும். ஏன் கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் சொல்வதில்லை.

சுகந்தி அப்படி ஒரு பின்வீட்டுக்காரி. வாவிக்கரைக் கிராமம் ஒன்று, பெயர் வேண்டாம். புருஷன் கட்டாரில். அவள் ஒரு பிறீசர் வாங்கி, இனிப்புத் தண்ணியைப் பைகளில் உறைய வைத்து ஐஸ் பக்கெற் செய்து பள்ளிக்கூடத்தடிக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். கட்டாரிலிருந்து காசு பிந்துகிற மாதங்களில் அந்தப் பிறீசரை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

மாரி தொடங்கிய பிறகு, அக்காவோடும் அக்கா புருஷனோடும் அவள் கந்தோருக்கு வந்தாள். பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஏறியிருந்தது. அவர்கள் போய் நின்றது எனக்குப் பக்கத்துக் கதிரைக்கு முன்னால். அங்கே இருந்தவர் என்னைவிட மூத்த உத்தியோகத்தர். வேகமாக வேலை செய்பவர் என்று பெயரெடுத்தவர்.

"வீட்ட பிறீசர் ஏதும் இரிக்கா?" என்று கேட்டார்.

"என்ட வீட்ட இரிக்கி சேர். அது வாங்கிக் கன காலம். பில் இப்பதானே..."

"அப்ப பாவிச்சது நீங்கதான். வேற என்ன கேக்கிறீங்க?"

அக்கா புருஷன் திரும்பி சுகந்தியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். "கந்தோரே சொல்லிட்டுத்தானே" என்றார். வேறொன்றும் கேட்காமல் மூவரும் போனார்கள். வீட்டுக்குப் போன கையோடு அவர் பின்வீட்டு வயரை வெட்டிவிட்டார். பிறீசரில் கிடந்தது அவ்வளவும் கரைந்து ஓடியது. அவளும் பிள்ளையும் குப்பி விளக்கில் இருந்தார்கள்.

நீங்கள் இங்கே சொல்கிற ஒரு வசனம் கதிரையடியில் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அது பஸ் ஏறி வீட்டுக்குப் போகும். அங்கே யாருடைய கையில் பலம் இருக்கிறதோ, அவர் அதைத் தூக்கிக்கொண்டு மற்றவரை அடிப்பார். கந்தோர் சொன்னது என்றால் ஊரில் அது தீர்ப்பு.

அடுத்த பில் வந்ததும் சுகந்தி தனியாக வந்தாள். அதே கதிரைக்குத்தான் போனாள், ஏனென்றால் சொன்னவரிடம்தானே கேட்க வேண்டும்.

"சேர், என்ட வீட்டு வயர வெட்டிட்டாங்க. எனக்குக் கரண்டே இல்ல. ஆனா பில் இன்னும் கூடித்தான் வந்திரிக்கு."

அவர் சிரித்தார். "அப்ப களவாக் கொழுவி எடுத்திரிப்பீங்க. வேற எப்பிடிக் கூடும்?"

வரிசை முழுக்க அதைக் கேட்டது. அந்த ஊர்ச் சனமும் அதற்குள் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். "சேர், நீங்க போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றேன். பிறகு அவளை என் முன்னால் உட்கார வைத்தேன்.

பிள்ளைகளே, வயர் வெட்டிய பிறகும் பில் ஏறியது என்று ஒருத்தி வந்து சொல்கிறாள். அதை விடப் பெரிய தடயம் என்ன வேண்டும்? அவள் பாவிக்கவில்லை என்பதற்கு அவளுடைய இருட்டே சாட்சி. ஆனாலும் நம்மவருக்கு அவள் கள்ளியாகத் தெரிந்தாள். பில் பிழைக்காது, மனிதர்தான் பிழை செய்வார்கள் என்று இந்தக் கதிரையில் இருந்து இருந்து நமக்குள் ஊறிவிடுகிறது.

நான் அவளுக்கு ஒரேயொரு வேலை சொன்னேன். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீற்றரில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். ஒன்றும் ஓடாதபோது அது மின்னக் கூடாது. மின்னினால் எங்கேயோ கரண்ட் வீணாகப் போகிறது.

"மீற்றர் அக்காட விறாந்தையில மிஸ். அக்காட மகள் வயசுக்கு வந்திரிக்கா, நாளைக்குத் தண்ணி வாக்கிற சடங்கு. வீடு முழுக்கச் சனம். என்ன அங்க அண்ட விடுறாங்களோ தெரியா."

"உன்ட பெறாமகள்தானே. போகாம இரிப்பியா? போற நேரம் பாத்திட்டு எனக்கு அடி" என்று என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, கந்தோர் திறந்த கையோடு அழைத்தாள். அவளுடைய அத்தானான அக்கா புருஷன் சடங்குக்கு வாடகைக் கதிரை ஏற்றிவரப் போயிருந்தார். "கெதியாப் பாத்திட்டுப் போ" என்று அக்கா அனுமதித்திருந்தாள்.

"மிஸ், எல்லாத்தையும் கழட்டிட்டன். சிவப்பு லைற் மின்னுது. விடாம மின்னுது."

"ட்ரிப் சுவிட்ச் விழுறதா?"

"முந்தி விழும் மிஸ். மாரி தொடங்கினாப் போல ஒரே விழுகைதான். ரீவி பாக்கேலா, மோட்டர் போடேலா. அத்தான் ஒராளக் கூட்டிவந்து சரிபண்ணின. மறுகா விழுறல்ல."

சரிபண்ணின என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. கரண்ட் போக வேண்டிய வழியை விட்டு மண்ணுக்குள் கசிந்தால், அது ஆளைக் கொல்லுமுன் வீட்டுக்கு மின்சாரம் வருவதை நிறுத்துவதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. அது அடிக்கடி விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். வாவிக்கரையில் உப்புக்காற்றும் ஈர மண்ணும் எந்த வயரையும் தின்றுவிடும். ஆனால் நம் சனம் கசிவைத் தேடாது. ட்ரிப் தொல்லை தருகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு வயரை நேரே இணைத்துக்கொள்ளும். கசிவு அப்படியே இருக்கும். இரவு பகலாகக் கரண்ட் மண்ணுக்குள் ஓடும், மீற்றர் அதையும் எண்ணும், பில் ஏறும்.

"கிணத்தடி மோட்டருக்கு வயர் எப்பிடிப் போகுது?"

"மண்ணுக்குள்ளால மிஸ். சுவிட்ச் கிணத்தடியில இரிக்கி."

"அங்க ஈரத்தில நிண்டா காலில ஏதும் தெரியுதா?"

"ஓம் மிஸ். விறுவிறெண்டும். மாரிக் குளிர் எண்டு அக்கா சொன்ன."

"தண்ணி வாக்கிற எங்க?"

"கிணத்தடியிலதான் மிஸ். குடம் வைக்கத் தொடங்கிட்டாங்க."

சற்று யோசித்துப் பாருங்கள். ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு ஒரு பிள்ளை. சுற்றிவர மாமிமாரும் சித்திமாரும், எல்லோரும் நனைந்தபடி, ஒருவரை ஒருவர் தொட்டபடி. குடத்துக் குடம் தண்ணீர்.

"சுகந்தி, மெயின் சுவிட்ச இப்பவே நிப்பாட்டு."

"நானா மிஸ்? நான் நிப்பாட்டினா எரிச்சல்ல செய்யிறன் எண்டுவாங்க. என்ட வீட்ட இருட்டாக்கினதுக்கு நல்ல காரியத்தில பழி வாங்கிறாள் எண்டுவாங்க."

அவள் சொன்னது உண்மை. அந்த வளவில் அவளைத் தவிர யார் நிறுத்தினாலும் அது பாதுகாப்பு, அவள் நிறுத்தினால் அது பொறாமை. அந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது எங்கள் கந்தோரின் வாய். ஆனால் நியாயம் பேச அது நேரமில்லை.

"சொல்றவங்க சொல்லட்டும். நிப்பாட்டிட்டு அதுக்கு முன்னால நில். ஆரு வந்தாலும் விலகாத. நான் வாறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு மேலதிகாரியின் அறைக்கு ஓடினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மீற்றருக்கு அங்கால நம்மட பொறுப்பில்ல. அவங்க வயரிங்காரனக் கூப்பிடட்டும். பில் முறைப்பாட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பினா நாளைக்கு ஊரே வரும்." விதியில் அப்படித்தான் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. மீற்றர் வரைக்கும் நாம், அதற்கு அப்பால் வீட்டுக்காரர். ஆனால் காசு வாங்கும்போது மட்டும் மீற்றருக்கு அப்பால் ஓடிய ஒவ்வொரு யூனிற்றும் நம்முடையது. செத்துப்போகும் பிள்ளை மட்டும் அவர்களுடையதா? இதை அவருடைய முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் மறுமொழி சொல்லுமுன் கீழே இறங்கி, தேத்தண்ணிக் கடையில் நின்ற எங்கள் லைன்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றினேன்.

நாங்கள் போய் இறங்கும்போது விறாந்தையில் கூட்டம். சுகந்தி சுவிட்ச் பெட்டியில் முதுகைச் சாத்தியபடி நின்றாள். கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. அக்கா புருஷன் கதிரை ஏற்றிக்கொண்டு திரும்பிவந்து, பாட்டும் லைற்றும் நின்று கிடப்பதைக் கண்டு அடித்திருக்கிறார். அடி விழுந்தும் அவள் விலகவில்லை. என்னைக் கண்டதும்தான் பெட்டியை விட்டு விலகினாள்.

லைன்காரர் எல்லோரையும் கிணற்றடியை விட்டு விலக்கினார். பெட்டியைத் திறந்து, ட்ரிப் சுவிட்சை ஒதுக்கி நேரே கொடுத்திருந்த வயரைக் காட்டினார். எவரும் கிட்ட வராதபடி என்னை நிற்க வைத்து, மெயினைச் சற்றுப் போட்டு, கிணற்றடிக் குழாயில் கரண்ட் பார்க்கும் சோதனைப் பேனையை வைத்தார். அதன் விளக்கு எரிந்தது. மெயினை நிறுத்திவிட்டு மண்ணைக் கிண்டினார். வீட்டுக்குள் போட வேண்டிய மெல்லிய வயரை வெறும் மண்ணில் புதைத்திருந்தார்கள். உறை வெடித்து, உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது.

அக்கா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய புருஷன் முதல் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப பில்லும் இதாலதான் கூடினதோ?"

அந்த மனிதரின் மகள் அந்த ஈரத்தில் நிற்க இருந்தாள். கூட்டத்தில் நின்ற ஒருவரும் சுகந்தியின் கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "அதுக்கென்ன மிஸ், உங்கட கந்தோர் சேர்தானே சொன்ன, இவதான் பாவிச்ச, களவா எடுத்த எண்டு. நீங்க பொம்புள, இவவுக்கு இரங்கிக் கதைக்கிறீங்க" என்றார் அக்கா புருஷன். பக்கத்து வளவில் இருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைக்கு வார்த்தார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வேலை என்று பார்த்தால் மிச்சம் எல்லாம் லேசாக முடிந்தது. புது வயரைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தார்கள், ட்ரிப்பைத் திரும்பப் போட்டார்கள். பின்வீட்டுக்குத் தனி மீற்றர் எடுக்க உறுதிக்காரியான அக்கா சம்மதக் கடிதம் கொடுத்தாள். வெட்கத்தில் கொடுத்தாளோ, நன்றியில் கொடுத்தாளோ, கொடுத்தாள். இரண்டு வீடும் இரண்டு மீற்றரில் கீழ்ப்படிக்கு இறங்கின. சுகந்தியின் பிறீசர் திரும்ப ஓடியது. பில் என்று பார்த்தால் எல்லோருக்கும் நல்லது.

ஆனால் ஐஸ் பக்கெற்றை வாங்கக் கடைக்காரர்கள் இல்லை. களவாகக் கரண்ட் எடுத்தவள் என்ற கதை வரிசையில் இருந்து ஊருக்குப் போய்விட்டது. களவெடுத்த கரண்டில் செய்த சாமான் நமக்கு ஏன் என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். அவள் மறுபடியும் கந்தோருக்கு வந்தாள். "எனக்கு வேற ஒண்டும் வேணாம் மிஸ். சொன்ன அந்த சேர் வந்து, இல்லயெண்டு சொல்லோணும்" என்றாள்.

அவர் மறுத்தார். "நான் அப்பிடிச் சொல்லவே இல்ல, இரிக்கலாம் எண்டுதான் சொன்ன" என்றார். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது உத்தியோகத்தர் வேலையில்லை என்றார். நாள்கணக்காக அவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில், அன்றைக்கு வரிசையில் நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேலிடத்துக்குப் போவேன் என்று சொன்ன பிறகுதான் வர ஒப்புக்கொண்டார். இதற்காக என்னை முரட்டுப் பொம்பிளை என்று இன்றும் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பில்லோடு ஒருவர் வந்தால் கேளுங்கள். ஒரு மீற்றரில் எத்தனை வீடு? எந்த மாதத்தில் இருந்து ஏறியது? ட்ரிப் விழுகிறதா, விழுந்து நின்றுவிட்டதா? எல்லாம் நிறுத்தினாலும் மீற்றர் மின்னுகிறதா? இவ்வளவும் கேட்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஒப்புக்கொண்டபடி அந்த உத்தியோகத்தர் சுகந்தியின் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் முன்னதாகவே ஆட்டோவில் போய் நின்றேன். வளவின் படலையடியில் நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. அக்காவும் புருஷனும் வெளியே வந்தார்கள். வேலியோரம் அக்கம்பக்கத்துச் சனம் சேர்ந்தது, கடைக்காரர் ஒருவரும் வந்து நின்றார். ஹெல்மெற்றுக்குள்ளிருந்து, "அது வயரில பிழை. இவங்க எடுக்கல்ல" என்று முணுமுணுத்துவிட்டுக் கைபிடியைத் திருப்பப் போனார்.

சுகந்தி போய் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நின்றாள்.

"ஹெல்மெற்றக் கழட்டிட்டுச் சொல்லுங்க சேர்."

அவர் என்னைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்தார். முகம் வேர்த்திருந்தது. "இவ களவெடுக்கல்ல. நான் சொன்னது பிழை" என்றார்.

"வேலியடியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல சேர்" என்றாள் சுகந்தி.